யார் நிரூபிப்பது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரத்திலிருந்து விழுந்து ஒருவன் சாகிறான். மறுநாள் காண்ட்ராக்டர் ஒரே மூச்சில் மூன்று சொல்வார்: "அவன் என் ஆளே இல்லை. வேலை நேரத்தில் விழவில்லை. குடித்திருந்தான்." இதில் எதை நாம் நிரூபிக்க வேண்டும், எதை அவர் நிரூபிக்க வேண்டும்? இது தெரியாததால்தான் நம் பெண்கள் முக்காதம் கையில் திணிப்பதை வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறார்கள்.

1923-ஆம் ஆண்டு ஈட்டுத்தொகைச் சட்டம் இருந்த இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை. வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

1961 டிசம்பரில் 'துவாரகா' கப்பலில் ஒரு தொழிலாளி இரவில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னது. 1969-இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. விபத்தென்று காட்ட ஆதாரமில்லை, ஊகம் போதாது என்றது. நடுக்கடலில் கப்பலிலேயே கிடக்கிறவன் வேறெங்கே போவான்? எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் அதே தீர்ப்பில் நமக்கு உதவும் ஒன்றும் உண்டு: கண்ணால் கண்ட சாட்சி கட்டாயமில்லை, சூழ்நிலையிலிருந்து நியாயமாக முடிவுக்கு வரலாம்.

அந்தச் சூழ்நிலையை யார் சொல்வது? கேட் பாஸ், ஹாஜ்ரி, போலீஸ் பஞ்சநாமா, கூட வேலை செய்தவர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆஸ்பத்திரியின் முதல் சீட்டு. தூக்கிக்கொண்டு ஓடுகிற முக்காதமே "வீட்டுப் படியில் விழுந்தான்" என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே நம் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். எந்த இடத்தில், என்ன வேலையில் விழுந்தான் என்று எழுதச் சொல்ல வேண்டும்.

குடித்திருந்தான் என்பதோ முதலாளி நிரூபிக்க வேண்டியது. வாடை அடித்தது என்றால் போதாது. போதையால்தான் விபத்து என்று காட்ட வேண்டும். சாவிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்தச் சாக்கே செல்லாது! இதைப் பலமுறை சொல்லியும் நம்மவர்களே "குடிகாரன், என்ன கிடைக்கும்?" என்கிறார்கள்.

"என் ஆள் இல்லை" என்றால்? தன் தொழிலின் பாகமான வேலையைக் காண்ட்ராக்டில் விட்ட பில்டரும் பொறுப்பாளிதான்.

ஈயத்தில் வேலை செய்து நஞ்சேறியவர்களுக்கு நிலைமை தலைகீழ். அந்த வேலை செய்திருந்தால், நோய் வேலையால் வந்ததென்றே சட்டம் கொள்ளும். இல்லையென்று முதலாளிதான் காட்ட வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு வழி வேறு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஊருக்குப் போய்விட்ட பெண் அங்கிருந்தே மனுப் போடலாம். 1995-இல் வந்த திருத்தம் அது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. கெடு 2 ஆண்டு. ஆனால் சாட்சிகள் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். ரயிலேறுமுன் அவர்கள் பெயரையும் சொந்த ஊரையும் எழுதி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.