திணறும் பழைய புல்லட்

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகிப் பல கைகள் மாறி வந்த பழைய புல்லட் ஒன்றை ஆசையோடு வாங்கிய அன்பர், அது விட்டுவிட்டு ஓடித் திணறுவதைக் கண்டதும் கார்புரேட்டர் திருகைத் திருப்பத் தொடங்குவது சகஜமே ஆயினும், முதலில் பரிசீலிக்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கைத்தான். சற்றுத் தூரம் ஓட்டி, ஆறிய பின் கழற்றிப் பார்த்தால், நுனி வெளிர்பழுப்பாக இருப்பது ஆரோக்கிய லட்சணம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் வருவதற்கு முந்திய வண்டிகளில், பொறி பிறப்பதற்கே ஆதாரமான பிளாட்டினம் பாயிண்ட், முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி கொண்டிருக்கிறதா என்று பீலர் கேஜைச் செருகி நிதானமாக அளக்க வேண்டும். அதன் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறுகும், பொறியும் தாமதமாகும். இன்ஜின் ஓடுகையில் அந்தப் பாயிண்டிலேயே நீலப்பொறி ஓயாமல் பலமாகத் தெறிக்குமாயின், சந்தேகிக்க வேண்டியது கண்டென்சரை. விரல் நீளமும் இல்லாத அந்த உருளையை விட்டுவிட்டு, நல்ல கார்புரேட்டரைக் கழற்றி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு மெய்யாகவே மனம் வருந்துகிறது.

நின்ற நிலையில் மட்டும் திணறி, வேகத்தில் சீராக ஓடினால், ஸ்லோ ஜெட்டில் தூசு அடைத்திருக்கலாம். அதைக் காற்றடித்தே சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்தினால் பித்தளைத் துவாரம் அகன்று, பெட்ரோலின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.