கையிருப்பும் கணிப்பொறியும்



புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல் அமைந்திருக்கும் ஊர் கோட்டக்குப்பம். 2025ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அவ்வூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் ஐந்தாறு புராசஸர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். "ஐயா, என்னிடம் 15,000 ரூபாய் இருக்கிறது. இவற்றுள் எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

அவருடைய தந்தையார் மரக்காணத்து உப்பளங்களில் பாடுபடுபவர். மழை பெய்தால் அளத்தில் வேலை இல்லை; வேலை இல்லையேல் கூலியும் இல்லை. திருமணம், காதணி விழா முதலிய நிகழ்ச்சிகளின் வீடியோப் படங்களைத் தொகுத்துக் கொடுத்து, மாணவரே சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. ஓய்வு நேரத்தில் தம்பியுடன் கணிப்பொறியில் விளையாடுவதும் உண்டு. ஆகவே அவருக்கு அக்கருவி பொழுதுபோக்கும் ஆயிற்று, பிழைப்பும் ஆயிற்று. தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுபடி அத்தொகையைச் சேர்க்க ஓராண்டு ஆகும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியோர் வாக்கு. அளப்பது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புராசஸர் என்பது கணிப்பொறியின் கணக்கப்பிள்ளை. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நடுத்தர விலைக்குக் கிடைக்கும் புராசஸரில் அவை நூற்றுக்கணக்கான கோடிகள். இத்தனை கோடி இருக்கும்போது விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மாணவருக்குத் தெரிந்த உப்பளத்தையே அவருக்கு எடுத்துக்காட்டினேன்.

அளத்திலே உப்பு நீரை ஒரே பாத்தியில் காய்ச்சி எடுப்பதில்லை. முதற் பாத்தியில் தேக்கி, இடைப் பாத்திகளில் வெயிலால் செறிவேற்றி, கடைப் பாத்தியில் பூக்க விடுகிறார்கள். பாமே அளவையில் கடல்நீரின் செறிவு சுமார் 3 பாகை. அது 25 பாகையை எட்டிய பின்னரே உப்பு படியத் தொடங்கும். இடைப் பாத்தி சிறுத்திருக்க, கடைப் பாத்தியை மட்டும் இரு மடங்காக வெட்டினால் உப்பு இரு மடங்காகுமா? ஆகாது. முழு அளத்தின் விளைவையும் அதன் மிகக் குறுகிய இடமே தீர்மானிக்கிறது. கணிப்பொறியும் அப்படியே. புராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்னும் நினைவகம், தட்டு ஆகிய பாத்திகளில் எது குறுகியது என்று காணாமல் எதையும் வாங்கலாகாது.

அதைக் காணப் பைசாச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டைத் தொடங்கி, திரையில் வினாடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் படத்தின் நுணுக்கத்தை 1080 வரியிலிருந்து 720 வரிக்குக் குறைத்து மீண்டும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் குறுகிய பாத்தி கிராபிக்ஸ் கார்டு. புதிய புராசஸர் வாங்கிப் பயனில்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால், பெரும்பாலும் புராசஸரே தடை என்று கொள்ளலாம்.

மாணவர் வீட்டுக்குச் சென்று சோதித்து வந்தார். அவரிடம் இருந்தது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 3 1200. நான்கு கோர்கள் உடையது. பி450 வகை மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, பழைய சுழல் தட்டு ஆகியவை மற்ற உறுப்புகள். நுணுக்கத்தைக் குறைத்தும் படங்களின் எண்ணிக்கை ஏறவில்லை. நான்கு கோர்களும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. நோய் இன்னது என்று தெரிந்துவிட்டது, இனி மருந்து.

அவருடைய தாளில் முதலிடம் பெற்றிருந்தது ஏ.எம்.5 என்னும் புதிய குழியில் பொருந்தும் புராசஸர். 2022ஆம் ஆண்டில் வந்த அக்குழி டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். ஆகவே புராசஸரோடு மதர்போர்டும் ரேமும் புதிதாக வாங்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியிலோ ரேம் விலை வெகுவாக ஏறிக்கொண்டிருந்தது. குதிரை வாங்கப் போனவர் இலாயமும் கட்ட வேண்டி வந்தால் கையிருப்பு தாங்குமா?

அடுத்தது இன்டெல்லின் ஐ5 12400எஃப். 2022இல் வந்த நல்ல புராசஸர். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். டி.டி.ஆர்.4 ஏற்கும் மதர்போர்டுகளும் அதற்கு உண்டு. பழைய ரேமைக் காப்பாற்றலாம். ஆயினும் மதர்போர்டை மாற்றியே தீர வேண்டும். புதிதாகக் கணிப்பொறி கட்டுவோர் அதைத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம். பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதை மட்டும் மறவாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர் அதை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும். வீடியோத் தொகுப்பை விரைவாக்க 2011 முதல் இன்டெல் அளித்துவரும் 'குயிக் சிங்க்' வசதியும் அவ்வகையில் கிட்டாது.

மூன்றாவது, அவரிடம் இருந்த ஏ.எம்.4 குழியிலேயே பொருந்தும் ரைசன் 5 5600. ஏ.எம்.டி. நிறுவனம் அக்குழியைப் பல தலைமுறைகளுக்கு மாற்றாமல் வைத்திருந்தது ஏழை மாணவர்க்கு வாய்த்த நல்லூழ். இதற்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்; மின்தேவை 65 வாட் வகை. அடிக்கடி வேண்டிய தகவலை அருகிலேயே வைத்துக்கொள்ளும் மூன்றாம் நிலைக் 'கேஷ்' 32 எம்.பி.; பழையதில் 8 எம்.பி. மட்டுமே இருந்தது. விளையாட்டுக்கு இது பெருந்துணை. பெயர் ஒத்த 5600ஜி என்பதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. கேஷோ 16 எம்.பி. தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாதவருக்கு அது ஏற்றது, இவருக்கு அன்று. எட்டுக் கோர் கொண்ட 5700எக்ஸ் தொகுப்பு வேலையைச் சற்று விரைவாக்கும். ஆனால் அதனுடன் குளிர்விக்கும் விசிறி வராது; 5600இன் பெட்டியில் விசிறியும் உண்டு. இலேசான தொகுப்பு வேலைக்கு ஆறு கோர் போதும் என்று முடிவு செய்தோம். மிச்சப் பணத்தில், சுழல் தட்டுக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குவதென்றும் தீர்மானித்தோம்.

மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் புராசஸர்களின் பட்டியலில் பழைய 1200 இல்லை, 5600 இருக்கிறது.

வாங்குவதோடு வேலை முடியவில்லை. மதர்போர்டின் 'பயாஸ்' பழையதாயிருந்தால் புதிய புராசஸரை அடையாளம் காணாது. ஆகவே மதர்போர்டு செய்தவர் வெளியிட்டுள்ள பட்டியலைப் பார்த்து, பழைய புராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பாழாகலாம். மழைக்காலத்துக் கடற்கரையில் மின்சாரத்தை நம்பலாமா? யு.பி.எஸ். கருவி உள்ள நண்பர் வீட்டில் அவ்வேலையைச் செய்தார். ஏ.எம்.4 புராசஸரின் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் உள்ளன. விசிறியைத் திடீரென்று மேலே இழுத்தால், இறுகிய தெர்மல் பேஸ்ட்டுடன் புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். எனவே கணிப்பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றிய பிறகு, விசிறியை இடவலமாக மெல்லத் திருகி எடுக்கும்படி சொன்னேன். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். கடலை நோக்கிய ஜன்னலோரத்தில் கணிப்பொறியை வைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தேன்.

"என்னிடம் மடிக்கணினிதான் இருக்கிறது" என்று உங்களிற் சிலர் கூறலாம். இக்கால மடிக்கணினிகளில் புராசஸர் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்ற இயலாது. அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீடியோத் தொகுப்பு மென்பொருள்களில் 'பிராக்ஸி' என்னும் ஏற்பாடு உண்டு. பெரிய படத்திற்கு இலேசான நகல் செய்து, நகலின் மேல் வெட்டி ஒட்டிவிட்டு, இறுதியில் மூலத்திலிருந்து முழுப் படத்தைப் பெறலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தை பிறந்ததும் அம்மாணவர் மீண்டும் வந்தார். விளையாட்டு தடையின்றி ஓடுவதைச் சொன்னார். தம்பியின் மகிழ்ச்சியைச் சொன்னார். பிறகு, "ஐயா, நீங்கள் சொன்ன 720 வரிச் சோதனையை என் நண்பன் கணிப்பொறியிலும் செய்து பார்த்தேன். அவனுக்குக் குறை கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. புராசஸர் வாங்கப் போனவனைத் தடுத்துவிட்டேன்" என்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரால் நுண்செயலிகள் வடிவமைக்கப்பட்டு, 2018இல் அவை சில்லுகளாகவும் உருப்பெற்றன என்று அவரிடம் கூறினேன். இன்னொரு தாளை எடுத்து அப்பெயரைக் குறித்துக்கொண்டார். இம்முறை அவர் விலையைக் கேட்கவில்லை. அங்கே சேர என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார்.