உப்போடு சர்க்கரை ஏன்?

1971. வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகளால் மேற்கு வங்கத்தின் பொங்கான் ஊர் நிரம்பி வழிந்தது. கூடவே காலராவும் வந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து இறங்கினார்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்மில் கரைத்ததைப் பிடித்து, உறவினர்களே குவளை குவளையாகப் புகட்டினார்கள்.

உப்பு சரி, சர்க்கரை எதற்கு?

குடல் செல்லின் சவ்வில் ஒரு புரத வாசல் உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும், அவ்வளவு கறார்! அவை நுழைந்ததும் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். காலரா நச்சு குடலை என்ன பாடு படுத்தினாலும் இந்த வாசலை மட்டும் அடைப்பதில்லை.

30 சதவீதம் வரை போயிருந்த சாவு, அவர் முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே கரைசலின் இன்றைய வடிவமான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில், ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்தான்.