தோட்டம் கைமாறும்போது
(பனிச்சங்கேணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரும் வழியில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். 1956இல் தொடங்கிய அரச ஆலை; வைக்கோலில் கடதாசி செய்த இடம். அதை யாரும் விற்கவில்லை. அரசின் கையிலிருந்தே நொடித்துப்போனது. தெற்கே ஹிங்குராணை சீனி ஆலை தனியாரிடம் போனது. அதுவும் 1997இல் மூடப்பட்டது. ஆகவே அரசாங்கம் நல்லது, கம்பனி கெட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை.

மலையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. அந்த வருடங்களில்தான் மலையில் பசி. அந்தப் பசியிலும் 77 கலவரத்திலும் இந்தப் பக்கம் இறங்கி வந்த குடும்பங்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. பிறகு ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நட்டத்தில் விழுந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. முதலில் ஐந்து வருட ஒப்பந்தம். 1995இலிருந்து பங்குகளை விற்றார்கள். குத்தகை 53 வருடமானது. 1992இலிருந்து எண்ணினால் 2045. நிலம் மட்டும் இன்றும் அரச காணி. லயத்துக் காணியைக் கேட்கும்போது இதை மறக்க வேண்டாம்.

விற்கும்போது நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கொழும்புப் பங்குச் சந்தை எங்கே, பிரட்டுக்களம் எங்கே? பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த பாட்டிமார் உண்டு, முடை வந்தபோது கேட்ட விலைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. சம்பளத்தை அந்தப் பத்துப் பங்கு தீர்மானிக்கவில்லை. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபா ஆக்கியதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. ஆயிரம் வந்த கையோடு கொழுந்து நிறையைக் கூட்டிய தோட்டங்களும் இருக்கின்றன.

சரி, கம்பனிக்குப் போகாத தோட்டங்கள்? கண்டி, மாத்தளைப் பக்கம் அரசிடமே நின்ற தோட்டங்களில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் நிலுவை. பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம். நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். பிடித்தார்கள், கட்டவில்லை. முதலாளி யார்? அரசாங்கம்!

இங்கே தென்னையிலும் கஜுவிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நிர்வாகம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த அன்றே கேளுங்கள்: பழைய நிலுவை யார் தலையில்? நம் சேவைக்காலம் அறுபடாமல் தொடருமா? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போடுவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்த நாட்கூலிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். 2024இல் வந்த 1350 ரூபாவை வைத்தே பாருங்கள். 25 வருடத்துக்கு 4,72,500 ரூபா. இதில் 21 வருடம் பழைய நிர்வாகத்தில், நாலு வருடம் புதிதில் என்று பிரித்துவிட்டால்? புதியவர் "என்னிடம் ஐந்து வருடம் இல்லையே" என்பார். பழையவரைத் தேடி எந்தக் கந்தோருக்கு அலைவது?

சேமலாப நிதி அட்டை, சம்பளத் துண்டு எது இருந்தாலும் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். இலக்கத்தை நானே எழுதிக்கொள்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் வரட்டும், பஸ் போய்விடும்.