புதிய பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு?

குறுவட்டப் போட்டியில் தோற்றதும் புதிய உடற்கல்வி ஆசிரியரிடம் விளக்கம் கேட்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றிச் சொல்கிறேன். (பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள்!)

2008 பருவத்துக்கு ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளராக வந்தார். அதுவரை அங்கே பந்தை எறிபவர் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே எறிவார். இவருடைய முறையில் அணி அகலப் பரவி நிற்கும்; எறிபவரே பந்தோடு ஓடவும் வேண்டும். இருந்த வீரர்களோ பழைய முறைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். முதல் பருவத்தில் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. அடுத்து 5 வெற்றி, அதற்கடுத்து 7.

தடுப்பாட்டம் மட்டும் தேறவே இல்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியதுதான். ஆதரவு என்றால் கேள்வியே கேட்காமல் இருப்பதல்லவே! ஆனால் மூன்றே பருவங்களில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

2011இல் வேறொருவர் பயிற்சியில் அதே அணி 11 ஆட்டங்களில் வென்றது. பந்தை எறிந்தும் ஓடியும் அந்த அணியை நடத்தியவர் டெனார்ட் ராபின்சன். அவரை 2009இல் அணிக்குக் கொண்டுவந்தவர் ராட்ரிகஸ்.