கொழுப்பு கரைந்தது, தோல் தங்கியது

இங்கிலாந்தைச் சேர்ந்த பால் மேசன் ஒரு காலத்தில் உலகிலேயே குண்டான மனிதர் என்று பேசப்பட்டவர். எடை 440 கிலோவைத் தொட்டிருந்தது. 2010-ல் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சில ஆண்டுகளில் சுமார் 300 கிலோ குறைந்தது. தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. 2015-ல் நியூயார்க்கில் ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமலே அதை வெட்டி எடுத்தார். அகற்றியது 20 கிலோவுக்கும் மேல்!

தோல் ஏன் தானாகச் சுருங்குவதில்லை?

அதை இழுத்துப் பிடித்திருப்பவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள். பல வருடம் விரிந்தே கிடந்தால், எலாஸ்டிக் போன காலுறை மாதிரி அவை தளர்ந்துவிடும். வயதும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். களிம்பு தடவிச் சரிசெய்ய முடியாது.

தொல்லை தோற்றத்தோடு நிற்பதில்லை. அடிவயிற்று மடிப்பில் வியர்வை தேங்கும், உரசிச் சிவந்து புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, மெல்லிய துண்டால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். இறுக்கமான உள்ளாடை போட்டால் நடக்கும்போது தோல் ஆடாது.

எடை மாதக்கணக்கில் ஒரே அளவில் நின்ற பிறகே மருத்துவர்கள் தோலை அகற்றச் சம்மதிப்பார்கள். நீளமான தழும்பு நிச்சயம். 'இது அழகு சிகிச்சை' என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரிப்பதும் உண்டு. புண் அடிக்கடி வந்ததற்கான மருத்துவக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தினால், விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும்.