படிக்கும் பெற்றோரும் படிக்கும் பிள்ளைகளும்

(யூபிலி ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு கடந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் ஆண்டு; இனி நடக்க வேண்டிய வழியை எண்ணிப் பார்க்கும் ஆண்டும் ஆகும். பங்கின் பழைய வரலாற்றை எடுத்துரைக்கப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே அதனை அவர்களிடம் விட்டுவிட்டு, நம் வீடுகளில் இப்பொழுது நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம்.

இரவுச் சாப்பாடு முடிந்தபின் நம் வீடுகள் சிலவற்றில் இரண்டு பேர் படிக்க உட்காருகிறார்கள். ஒருவர் பத்தாம் வகுப்புப் பையன். மற்றவர் அவனுடைய தாய், அல்லது தந்தை. பையன் கணக்குப் போடுகிறான். தாய் கைப்பேசியில் பி.பி.ஏ. பாடம் கேட்கிறாள். கடை நடத்துபவரும் வங்கியில் வேலை பார்ப்பவரும், பதவி உயர்வு வேண்டியோ தொழிலை ஒழுங்காக நடத்த விரும்பியோ, இணையவழியில் எம்.பி.ஏ. படிக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய காட்சி. இந்த மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால், படிக்கும் பெற்றோர் தம் படிப்பைப் பற்றியும் பிள்ளையின் படிப்பைப் பற்றியும் சிலவற்றைத் தெளிந்திருக்க வேண்டும்.

பழைய வழி, புதிய உருவம்

வீட்டிலிருந்தே பட்டம் பெறுவது நமக்குப் புதிதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிற்று. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின. தபாலில் வந்த பாடக் கட்டுகளைப் பிரித்துப் படித்துப் பட்டதாரியான ஆசிரியர்களும் எழுத்தர்களும் நம்மிடையே உண்டு. அன்று தபால்காரர் கொண்டு வந்ததை இன்று கைப்பேசி கொண்டு வருகிறது.

அன்று அஞ்சல்வழிப் பட்டத்தைச் சற்றுத் தாழ்வாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

பணம் கட்டுமுன்

உழைத்துச் சேர்த்த பணத்தைத் தகுதியற்ற இடத்தில் கொடுத்து ஏமாந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். "ஆறே மாதத்தில் பட்டம், தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்ற பேச்சை நம்பி, நகையை அடகு வைத்து ஒரு படிப்பு மையத்தில் பணம் கட்டினார் ஓர் இளைஞர். வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தச் சான்றிதழ் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். பணம் போனதைவிட, இனிமேல் படிக்கவே வேண்டாம் என்று அவர் மனம் வெறுத்ததே நமக்கு வருத்தம்.

ஆகவே சிலவற்றை மனத்தில் வையுங்கள். முதலாவது, நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்று, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கும், நீங்கள் சேரும் அந்தப் பருவத்துக்கும் அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். சென்ற ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாவது, மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, பல்கலைக்கழகம் தன் வேலையைத் தனியார் மையங்களுக்குக் குத்தகை விடுவதுபோல் விடக் கூடாது. எனவே கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேராகக் கட்டுங்கள். இடையில் நிற்பவர் கையில் கொடுக்காதீர்கள். மூன்றாவது, பத்தும் பன்னிரண்டும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-இல் அரசாணை வந்தது. அரசுப் பணியை நாடுவோர் இதனை மறந்துவிட வேண்டாம்.

காலக் கணக்கு

பணக் கணக்குக்கு அடுத்தது காலக் கணக்கு. திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. ஒரு முதுகலைப் படிப்பு 80 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 2,400 மணி நேரம் ஆகிறது. இரண்டே ஆண்டில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவர் இந்த 23 மணியை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்து எடுப்பார், அல்லது பிள்ளைகளின் நேரத்திலிருந்து எடுப்பார். இரண்டும் நஷ்டமே. அதே படிப்பை நான்கு ஆண்டில் முடிப்பதாயின் வாரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கும் குறைவு. கூடுதல் ஆண்டுகளில் முடிக்கப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுக்கின்றன. அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் தந்தை படித்தால், "அப்பா படிக்கிறார், சத்தம் போடாதே" என்கிறோம். தாய் படித்தால் மட்டும், சமையலும் துணி துவைப்பதும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் படிக்கட்டும் என்கிறோம். இது நியாயமா? தாய் படிக்கும் வீட்டில் பாத்திரம் கழுவும் வேலையைக் கணவரும் மகனும் பங்கிட்டுக்கொள்வதே முறை. மகன் அப்படிச் செய்து வளர்ந்தால் அதுவும் ஒரு பெரிய கல்விதான்.

பாடநூல் சொல்வதும் வீட்டில் செய்வதும்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வணிக நிர்வாகம் படிக்கும் பெற்றோர் பாடநூலில் கற்பதை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் மட்டும் அதனை மறந்துவிடுகிறார்கள்.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954-இல் வெளியிட்ட நூலில் இலக்கு வைத்து நிர்வகிக்கும் முறையை விளக்கினார். அதன் சாரம் யாதெனில், இலக்கை மேலிருந்து திணித்தால் போதாது. அதை வகுப்பதில் வேலை செய்பவருக்கும் பங்கு வேண்டும். தன் வேலையைத் தானே அளந்து பார்க்கத் தேவையான விவரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதே. நம் வீட்டில் என்ன நடக்கிறது? "இந்தத் தடவை 450-க்குக் குறையக் கூடாது" என்று தந்தை ஓர் எண்ணைச் சொல்கிறார். பையனை யாரும் கேட்கவில்லை. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் அவனுக்குப் புரியவில்லை என்று உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. இது இலக்கு அன்று; வெறும் கட்டளை.

எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அறிஞர் தொழில் நிர்வாகத்துக்குப் பதினான்கு நெறிகளை வகுத்தார். அச்சத்தைப் போக்குங்கள் என்பது அவற்றுள் ஒன்று. வழிமுறையைச் சீர்ப்படுத்தாமல் எண்ணிக்கை இலக்குகளை மட்டும் சுமத்துவதைக் கைவிடுங்கள் என்பது மற்றொன்று. அச்சம் உள்ள தொழிற்சாலையில் பழுதை மறைப்பார்கள். அச்சம் உள்ள வீட்டில் மதிப்பெண் பட்டியலை மறைப்பார்கள். தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போகும் பிள்ளை பொய்யனாகப் பிறந்தவன் அல்லன். பயத்தால் அப்படி ஆனவன்.

கணக்கியல் படிப்போருக்கு இரட்டைப் பதிவு முறை முதற்பாடம். அம்முறையை விளக்கி 1494-இல் வெனிஸ் நகரில் நூல் அச்சிட்ட லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்பது நமக்குப் பெருமை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதே அம்முறையின் அடிப்படை. பிள்ளையின் ஏட்டிலும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். "டியூஷனுக்கு இவ்வளவு செலவழித்தேன்" என்று ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். "அவனோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன், அவன் சொன்னதை எத்தனை தடவை முழுதாகக் கேட்டேன்" என்று மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். அப்பொழுது கணக்கு நேராகும்.

எதிர்பார்ப்பு வேண்டாமா?

"அப்படியானால் பிள்ளைகளிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா, சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். எதிர்பார்க்கத்தான் வேண்டும். எதிர்பார்ப்பே இல்லாத வீட்டில் பிள்ளை தன்னை ஒரு பொருட்டாக எண்ணமாட்டான். 1968-இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். யாதொரு காரணமுமின்றித் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளைக் குறித்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்கு முன்னேறுவார்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லி வைத்தார்கள். சிறு வகுப்புகளில் அத்தகைய பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாகக் கண்டார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது பற்றிப் பின்வந்தோர் வாதிட்டதுண்டு. எனினும், நம்பிக்கையோடு நோக்கும் பார்வைக்கு ஆற்றல் உண்டு என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

ஆனால் எதை எதிர்பார்ப்பது என்பதே கேள்வி. 1998-இல் மியூலர், டுவெக் என்னும் இரு பெண் உளவியலார் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்த ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. சில புதிர்களைப் போட்டு முடித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் "நீ நன்றாக உழைத்தாய்" என்றார்கள். பின்பு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாறச் செய்தார்கள். அதற்குப் பிறகு, கெட்டிக்காரன் என்ற புகழைப் பெற்றவர்கள் முன்பு போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களோ முன்னிலும் நன்றாகப் போட்டார்கள். எனவே உழைப்பை எதிர்பாருங்கள், நேர்மையை எதிர்பாருங்கள், புரியாததைக் கேட்கும் துணிவை எதிர்பாருங்கள். இவை பிள்ளையின் கையில் இருப்பவை. வினாத்தாளும் பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணும் அவன் கையில் இல்லை.

யாருடைய ஆசை?

இங்கேதான் பெற்றோரின் படிப்பும் பிள்ளையின் படிப்பும் ஒன்றையொன்று தொடுகின்றன. நம்மில் பலருக்கு நிறைவேறாத ஆசைகள் உண்டு. குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்தியவர்கள், திருமணமானதால் கல்லூரி வாசலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அந்த ஏக்கத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றி, "நான் ஆகாததை நீ ஆக வேண்டும்" என்கிறோம். இணையவழிக் கல்வி வந்துவிட்ட இந்நாளில் அதற்கு அவசியமில்லை. உங்கள் ஆசையை நீங்களே படித்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையை அவனுக்குரிய வழியில் விடுங்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி 1965-இல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்று வலியுறுத்தியது. ஆசிரியர் என்றது உரிமையாளர் என்ற பொருளில் அன்று.

படிக்கும் தாய் கணக்கியல் தாளில் தோற்றுப்போனால் அதனைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். "இந்தத் தாள் போய்விட்டது, அடுத்த பருவத்தில் மறுபடியும் எழுதுவேன்" என்று சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொல்லுங்கள். தோல்விக்குப் பின்னும் வீட்டில் சோறு உண்டு, சிரிப்பு உண்டு, அடுத்த தேர்வு உண்டு என்பதைப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறான். நூறு அறிவுரைகள் இதற்கு ஈடாகா.

இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எல்லாமே தேர்வினால் அல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு. முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. அரசு நிறுத்திய பிறகும் நாம் உறவினர் நடுவில் மதிப்பெண்ணைக் கூவிக்கொண்டிருக்கலாமா? தேர்வில் தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை முடிவு வருமுன்பே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். முடிவு வரும் நாளில் அவனைத் தனியே விடாதீர்கள். பிள்ளை வாடியிருந்தாலும், பேசாமல் ஒதுங்கினாலும், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். நம் இல்லத்தின் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

முடிவாக

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். குடும்பத்தில் அனைவரும் ஒருநாள் மாலை கூடி உட்காருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் தாய் அல்லது தந்தை இந்த மாதம் படித்து முடிக்க வேண்டியதை எழுதட்டும். மற்றதில் பிள்ளை தன் இலக்கைத் தானே எழுதட்டும். மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து பாருங்கள். பிள்ளையின் பத்தியை நீங்கள் பார்ப்பதுபோல உங்கள் பத்தியை அவனும் பார்க்கட்டும். கேள்வி கேட்க அவனுக்கும் உரிமை இருக்கட்டும். படிப்பு அப்பொழுது தண்டனையாகத் தோன்றாது. குடும்பத் தொழிலாகவே ஆகிவிடும்.

இந்தப் பங்கை நிறுவிய முன்னோர் எழுதப் படிக்க அறியாதவர்களாயிருந்தும், ஆலயத்தோடு பள்ளிக்கும் கல் சுமந்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று வீட்டிலிருந்தே பட்டம் பெறுகிறார்கள். அந்தப் பட்டத்தை நேர்மையான வழியில் பெறுவோம். பெற்ற அறிவை நம் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தே செயலில் காட்டத் தொடங்குவோம். இறைவன் உங்கள் இல்லங்களையும், அங்கே இரவில் எரியும் படிப்பு விளக்குகளையும் ஆசீர்வதிப்பாராக!

வாழ்க நம் பங்கு! வளர்க நம் பிள்ளைகள்!